காய்ச்சலுக்கு எந்தக் குளிசை? 2020 மார்ச்சில் பாரிஸில் எங்களுக்கு யாரும் சொல்லாதவை

இபுப்ரோஃபன் போட்டால் கொரோனா முற்றிவிடும் என்ற பேச்சு பிரான்சில் பற்றிக்கொண்டது 2020 மார்ச் 14, சனிக்கிழமை. அன்று சுகாதார அமைச்சர் ஒலிவியே வெரான் ட்விட்டரில் ஒரு சின்னக் குறிப்புப் போட்டார். இபுப்ரோஃபன் போன்ற, அழற்சியைக் குறைக்கும் மருந்துகள் தொற்றைக் கடுமையாக்கக் கூடும், காய்ச்சல் என்றால் பரசிற்றமோல் எடுங்கள், ஏற்கெனவே அந்த மருந்துகளில் இருப்பவர்களும் சந்தேகம் உள்ளவர்களும் வைத்தியரைக் கேளுங்கள் என்பதுதான் அதன் சாரம். பின்னேரத்துக்குள் அது எங்கள் தொலைபேசிகளுக்கு வந்து சேர்ந்தபோது "கூடும்" என்ற சொல்லும் போயிருந்தது, "வைத்தியரைக் கேளுங்கள்" என்ற வரியும் போயிருந்தது. மிஞ்சியது "இபுப்ரோஃபன் போட்டால் சாவு" என்பதுதான்.

அந்தக் கிழமை எங்கள் வீட்டில் மூன்று பேருக்குக் காய்ச்சல். உணவகச் சமையலறையில் நின்று வேலை செய்யும் என் கணவருக்கு, பிறசருக்கும் இதயத்துக்கும் குளிசை எடுக்கும் மாமாவுக்கு, ஆரம்பப் பள்ளிக்குப் போகும் மகளுக்கு. எனக்கு வரவில்லை, அதனால் பராமரிப்பு முழுக்க என் பொறுப்பு. பரிசோதனை அப்போது கடுமையான நோயாளிகளுக்கும் மருத்துவப் பணியாளர்களுக்கும்தான், எங்களுக்கு வந்தது கொரோனாவா சாதாரண இன்ஃப்ளுவென்சாவா என்பது கடைசிவரை தெரியாது. அவசர மருத்துவ சேவையின் 15ஆம் இலக்கத்துக்கு எடுத்தால் சங்கீதம் ஓடிக்கொண்டே இருக்கும். 17ஆம் திகதி மதியத்தோடு ஊரடங்கும் வந்தது, சொந்தக்காரர் வாசலுக்கும் வர முடியாது. பயம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். ஆளாளுக்கு மருந்துப் பெயர் சொன்னார்களே தவிர, ஏன் என்று சொல்ல ஒருவரும் இல்லை. பிறகு ஒரு மருந்தாளர் பொறுமையாக இருத்தி விளக்கியதையும், அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். இனி இன்னொரு தொற்று வரும்போது இதே குழப்பம் வேறு மருந்தின் பெயரில் வரும். அப்போது யாருக்காவது உதவட்டும்.

முதலில் அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில் உண்மையும் இருந்தது. பிரான்சின் மருந்துப் பாதுகாப்பு நிறுவனம் 2019 ஏப்ரலிலேயே ஓர் எச்சரிக்கை விட்டிருந்தது. 2000ஆம் ஆண்டிலிருந்து இபுப்ரோஃபனோடு தொடர்புபடுத்திய 337 கடுமையான தொற்றுச் சிக்கல்களும் அதே வகை மருந்தான கெற்றோப்ரோஃபனோடு 49உம் பதிவாகியிருந்தன. அவை பெரும்பாலும் பாக்டீரியாத் தொற்றுகள்: தோல், நுரையீரல், தொண்டை, சின்னம்மைக்குப் பின் வருபவை. இந்த வகைக் குளிசை நோவையும் வீக்கத்தையும் அமுக்குவதால் உள்ளே நோய் பரவுவது வெளியே தெரியாமல் போகலாம், ஆஸ்பத்திரிக்குப் போவது பிந்தலாம் என்பது அவர்களின் கவலை. 2020 ஜனவரி 15 முதல் பரசிற்றமோல், இபுப்ரோஃபன், அஸ்பிரின் மூன்றும் மருந்தகங்களில் கையால் எடுக்கும் தட்டுகளிலிருந்து மேசைக்குப் பின்னால் போனதும் இந்த நோக்கத்தோடுதான், கொரோனா பிரான்சுக்கு வருவதற்கு முன்பே. ஆகவே பிரெஞ்சு வைத்தியர்களுக்கு இபுப்ரோஃபனில் பழைய சந்தேகம் ஒன்று இருந்தது. அமைச்சரும் ஒரு வைத்தியர்தான்.

புதிதாகச் சேர்ந்தது மார்ச் 11இல் ஒரு மருத்துவ இதழில் வந்த கடிதம். சுவிட்சர்லாந்தின் பாசல், கிரேக்கத்தின் தெசலோனிக்கி பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் எழுதியது. இந்த வைரஸ் உயிரணுவுக்குள் நுழையப் பிடித்துக்கொள்வது ஏசிஇ2 என்ற புரதத்தை. பிறசருக்குக் கொடுக்கும் ரமிப்ரில் போன்ற சில மருந்துகளும், சில சீனி வருத்த மருந்துகளும், இபுப்ரோஃபனும் அந்தப் புரதத்தைக் கூட்டக்கூடும், அப்படியென்றால் நோய் கடுமையாகலாமோ என்று அவர்கள் கேட்டார்கள். அது ஒரு கேள்வி, ஊகம். இபுப்ரோஃபன் எடுத்த கொரோனா நோயாளிகளையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்ட கணக்கு அதில் இல்லை. அதே நாட்களில் வியன்னா பல்கலைக்கழக ஆய்வுகூடம் கண்டுபிடித்தது என்று ஒரு குரல்பதிவும், அயர்லாந்தின் கோர்க் நகரில் ஆரோக்கியமான இளைஞர்கள் இபுப்ரோஃபன் எடுத்துக் கவலைக்கிடமாகக் கிடக்கிறார்கள் என்று ஒரு செய்தியும் சுற்றின. வியன்னா மருத்துவப் பல்கலைக்கழகமும் அயர்லாந்தின் தொற்றுநோய் வைத்தியர் சங்கமும் அவை பொய் என்று உடனே மறுத்தன. மறுப்பு எங்கள் குழுக்களுக்கு வரவே இல்லை.

உலக சுகாதார நிறுவனமே அந்த இரண்டு நாளில் தடுமாறியது. மார்ச் 17இல் அதன் பேச்சாளர் ஜெனீவாவில், ஆராய்கிறோம், அதுவரை சொந்தமாக மருந்து எடுப்பவர்கள் பரசிற்றமோல் எடுங்கள் என்றார். மறுநாள் 18இல் நிறுவனம், இபுப்ரோஃபனைத் தவிர்க்கும்படி நாங்கள் பரிந்துரைக்கவில்லை என்று எழுதியது. அன்றே ஐரோப்பிய மருந்து நிறுவனமும், 19இல் அமெரிக்க மருந்து நிர்வாகமும், இபுப்ரோஃபன் கொரோனாவைக் கடுமையாக்குகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றன. வீட்டில் காய்ச்சலோடு கிடக்கும் ஆளுக்கு அது எப்படி இருக்கும்? நேற்று வேண்டாம் என்றவர்கள் இன்று பரவாயில்லை என்கிறார்கள், யாரையும் நம்ப முடியாது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நிதானமாகப் பார்த்தால் அந்த அறிவிப்புகளுக்குள் பெரிய முரண்பாடு இல்லை. "ஆதாரம் இல்லை" என்பது "பாதுகாப்பானது என்று நிரூபித்துவிட்டோம்" ஆகாது, "கெட்டது என்று தெரிந்துவிட்டது" என்பதும் ஆகாது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும்போது என்ன செய்வது என்பதுதான் உண்மையான கேள்வி.

அந்த மருந்தாளர் சொன்ன வழி எனக்கு இன்றும் சரியாகப் படுகிறது. வைரஸைப் பற்றித் தெரியாததை விட்டுவிடு, ஆளைப் பற்றித் தெரிந்ததிலிருந்து தொடங்கு என்றார். குளிசை எடுக்கப்போகும் ஆளின் வயது, பாரம், எடுக்கும் மற்ற மருந்துகள், ஈரல், சிறுநீரகம், குடல்புண் உண்டா, கர்ப்பமா, நேற்றிலிருந்து எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறார், எவ்வளவு சாப்பிட்டிருக்கிறார். இதற்கெல்லாம் விடை வீட்டிலேயே இருக்கிறது. அந்த விடைகளை வைத்துப் பார்த்தபோது எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் முதல் மருந்து பரசிற்றமோல் என்றே வந்தது. காரணம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு.

மாமாவுக்கு ரமிப்ரில், நீர் போகும் குளிசை ஒன்று, கார்தேஜிக் 75 என்ற பெயரில் குறைந்த அளவு அஸ்பிரின். இந்தப் பட்டியலைப் பார்த்ததுமே மருந்தாளர், கொரோனா என்ற ஒன்று உலகத்தில் இல்லாவிட்டாலும் இவருக்கு இபுப்ரோஃபன் கூடாது என்றார். சிறுநீரகத்துக்குள் இரத்தம் போகும் குழாயை விரித்து வைத்திருப்பது புரோஸ்டகிளாண்டின் என்ற பொருள். காய்ச்சலில் வியர்த்து நீர் வற்றியவருக்கு அது இன்னும் அவசியம். இபுப்ரோஃபன் அதன் உற்பத்தியை நிறுத்துகிறது, உள்ளே போகும் குழாய் சுருங்குகிறது. ரமிப்ரில் வெளியேறும் குழாயைத் தளர்த்துகிறது. நீர் போகும் குளிசை மொத்த நீரையே குறைக்கிறது. மூன்றும் சேர்ந்தால் வடிகட்டும் அழுத்தம் விழுந்து சிறுநீரகம் சில நாட்களுக்குள் செயலிழக்கலாம். இது வைத்தியர்களுக்குப் பல வருடமாகத் தெரிந்த சங்கதி. எங்கள் ஆட்களில் பிறசர் மருந்து எடுக்காத அறுபது வயதுக்காரர் குறைவு, முழங்கால் நோவுக்கு இபுப்ரோஃபன் வாங்கிப் போடாதவரும் குறைவு. இதைத் தெரிந்துகொள்ளக் கொரோனா வரவேண்டியிருந்தது என்பதுதான் கவலை. அஸ்பிரினோடும் பிரச்சினை உண்டு: இரத்தம் உறைவதைத் தடுக்கும் அதன் வேலையை இபுப்ரோஃபன் குழப்பும், வயிற்றில் இரத்தம் கசியும் ஆபத்தையும் கூட்டும்.

ஆனால் மாமா செய்தது வேறு. அந்தக் குரல்பதிவில் "பிறசர் குளிசையும் கெடுதல்" என்று கேட்டுவிட்டு, ஒருவரிடமும் சொல்லாமல் ரமிப்ரிலை நிறுத்தியிருந்தார். தலையிடி என்று சொன்னபோது அளந்தால் மேல் எண் 190ஐத் தாண்டி நின்றது. என் கை நடுங்கியது. காய்ச்சலைப் பார்த்துக்கொண்டு இருக்க, பாரிசவாதம் வந்திருந்தால்? ஐரோப்பிய இதயவியல் சங்கம் மார்ச் 13ஆம் திகதியே, இந்தப் பிறசர் மருந்துகளை யாரும் நிறுத்த வேண்டாம், ஊகத்துக்கு ஆதாரம் இல்லை என்று அறிக்கை விட்டிருந்தது. அந்த அறிக்கை அவரிடம் வந்து சேரவில்லை, குரல்பதிவு வந்து சேர்ந்தது. வைத்தியரோடு தொலைபேசியில் கதைத்து மீண்டும் தொடங்கினோம். அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது: தொற்றுக் காலத்தில் புதிதாக ஒரு மருந்தைத் தொடங்குவதற்கு எவ்வளவு யோசிக்கிறீர்களோ அவ்வளவு யோசனை, நெடுநாள் மருந்தை நிறுத்துவதற்கும் வேண்டும். பிறசர், இதயம், மூட்டுவாதம், ஆஸ்துமா எதுவாக இருந்தாலும் எழுதித்தந்த வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. ஒன்று மட்டும் கேட்டு வையுங்கள்: வாந்தி, வயிற்றோட்டம், தண்ணீரே குடிக்க முடியாத நிலை வந்தால் நீர்க் குளிசையையும் ரமிப்ரில் வகையையும் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வதுண்டு. அந்த முடிவும் வைத்தியருடையதுதான்.

அமைச்சரின் குறிப்பில், அழற்சியைக் குறைக்கும் இன்னொரு மருந்தான கோர்ட்டிசோனும் இருந்தது. அதைப் பார்த்து ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்தை நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும், அதில் கோர்ட்டிசோன் இருக்கிறது என்பதால். மூச்சுக்குழாயைத் தாக்கும் வைரஸ் சுற்றும்போது ஆஸ்துமா மருந்தை நிறுத்துவது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. அதே ஆண்டு ஜூன் 16இல், பிரித்தானியாவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, ஒட்சிசன் தேவைப்படும் அளவுக்குக் கடுமையான கொரோனா நோயாளிகளுக்கு டெக்சாமெதசோன் என்ற கோர்ட்டிசோன் வகை மருந்து இறப்பைக் குறைக்கிறது என்று காட்டியது, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு. மார்ச்சில் சந்தேகிக்கப்பட்டது ஜூனில், சரியான ஆளுக்குச் சரியான கட்டத்தில், உயிர்காக்கும் மருந்தானது. நோய் லேசாக இருப்பவர்களுக்கு அதில் பயன் காணவில்லை, ஆகவே வீட்டில் வாங்கி வைத்துப் போடும் மருந்தும் அல்ல.

இனிப் பரசிற்றமோல். "பாதுகாப்பானது" என்று எல்லோரும் சொன்னதால் அதை அளவில்லாமல் விழுங்கிய வீடுகள் எத்தனையோ. உண்மையில் அந்த மாதம் எனக்கு மிகவும் பயமாக இருந்தது இதில்தான். பிரான்சில் பெட்டியிலேயே "அளவு மீறினால் ஆபத்து" என்று எழுத வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் கூடிய அளவு ஈரலை அழிக்கும். 50 கிலோவுக்கு மேற்பட்ட வளர்ந்தவருக்கு ஒரு தடவைக்கு 500 மில்லிகிராமோ 1 கிராமோ. முதலில் 500இல் தொடங்குங்கள். இரண்டு தடவைக்கு இடையில் குறைந்தது 4 மணித்தியாலம், 1 கிராம் எடுத்தால் 6 மணித்தியாலம் விடுவது நல்லது. வைத்தியரைக் கேட்காமல் 24 மணித்தியாலத்தில் 3 கிராமைத் தாண்டக் கூடாது, யாராக இருந்தாலும் 4 கிராம்தான் உச்சம். மாமாவின் பாரம் 48 கிலோ, சாப்பாடும் இறங்கவில்லை. ஈரல் பரசிற்றமோலை உடைக்கும்போது வரும் நச்சை அழிக்க குளுட்டத்தயோன் என்ற பொருளைச் செலவழிக்கிறது. பட்டினி கிடப்பவர், மெலிந்தவர், நெடுநாள் குடிப்பவர் ஆகியோரிடம் அந்த இருப்புக் குறைவு. அதனால் அவருக்கு 500 மில்லிகிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒருதடவை, நாளுக்கு 2 கிராமுக்கு மேல் வேண்டாம் என்றார் மருந்தாளர். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற குளிசை எடுப்பவர்கள் பரசிற்றமோலைத் தொடர்ந்து சில நாள் முழு அளவில் எடுத்தால் இரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் பரிசோதனை எண் கூடலாம், அதையும் சொல்லிவைக்க வேண்டும்.

அளவு மீறுவது ஒரே குளிசையை அதிகமாக விழுங்குவதால் மட்டுமல்ல, பெயர் மாறுவதாலும்தான். நண்பர் ஒருவர் அன்பாக வாங்கி வாசலில் வைத்துவிட்டுப் போன பையில் டோலிப்ரான், எஃபெரால்கான், ஃபெர்வெக்ஸ், டோலிரியூம், ஆக்டிஃபெட் தடிமன் மருந்து என்று ஐந்து பெட்டி. ஐந்திலும் பரசிற்றமோல்! டோலிப்ரான் ஒன்று, தடிமனுக்கு ஆக்டிஃபெட், படுக்கும்போது ஒரு ஃபெர்வெக்ஸ் தூள் என்று மூன்று "வெவ்வேறு" மருந்து எடுப்பவர் உண்மையில் ஒரே மருந்தை மூன்று முறை எடுக்கிறார். ரினாட்வில், நுரோஃபன் தடிமன் மருந்து இரண்டிலும் அதேபோல் இபுப்ரோஃபன் ஒளிந்திருக்கும். மூக்கடைப்புக்கு இவற்றில் பலவற்றில் சேர்க்கும் சூடோஎஃபெட்ரின் பிறசரைக் கூட்டும், மாமாவுக்கு அதை நினைக்கவே கூடாது. பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது வியாபாரப் பெயர். அதன் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராம் கணக்கையும் வாசியுங்கள். நண்பருக்கு 38 யூரோ கொடுத்தோம், அதில் டோலிப்ரானைத் தவிர மற்றதெல்லாம் வீண். மருந்தகம் வித்த மருந்தைத் திருப்பி எடுத்துக் காசு தராது.

குமிழி விட்டுக் கரையும் குளிசை பற்றியும் ஒரு வார்த்தை. விழுங்கச் சுலபம் என்று முதியவர்கள் அதைத்தான் கேட்பார்கள். 500 மில்லிகிராம் குமிழிக் குளிசை ஒன்றில் ஏறக்குறைய 400 மில்லிகிராம் சோடியம் இருக்கும். நாளுக்கு ஆறு போட்டால் உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்குச் சொல்லும் 2 கிராம் எல்லையை மருந்திலேயே தாண்டியாயிற்று. கறியில் உப்பைக் குறைத்துவிட்டுக் குளிசையில் உப்பைக் கொடுப்பதில் என்ன பயன்? பிறசர், இதயம், சிறுநீரக வருத்தம் உள்ளவருக்குச் சாதாரணக் குளிசைதான் நல்லது.

மார்ச் 18 முதல் பிரான்சில் பரசிற்றமோலுக்குக் கட்டுப்பாடு வந்தது. நோய்க்குறி இல்லாதவருக்கு ஒரு பெட்டி, காய்ச்சலோ நோவோ உள்ளவருக்கு இரண்டு, இணையத்தில் விற்பனை இல்லை. ஒரு பெட்டியில் 8 கிராம், அதாவது 1 கிராம் குளிசை எட்டு அல்லது 500 மில்லிகிராம் குளிசை பதினாறு. நாளுக்கு 3 கிராம் எடுக்கும் ஒருவருக்கு ஒரு பெட்டி மூன்று நாளும் வராது. இந்தக் கணக்குத் தெரியாமல்தான் பலர் மருந்தகம் மருந்தகமாக ஓடினார்கள், வெளிச்சந்தையில் பல மடங்கு விலைக்கும் வாங்கினார்கள். ஆனால் காய்ச்சல் உள்ள ஒவ்வொருவரும் முழு அளவு எடுக்கத் தேவையில்லை. 38.5 பாகை இருந்தும் எழுந்து நடந்து தண்ணீர் குடிக்கிறவருக்கு மருந்து அவசியமில்லை. இந்தக் குளிசைகள் வைரஸைக் கொல்வதில்லை, நோயின் நாளைக் குறைப்பதும் இல்லை, ஆளின் அவதியைத்தான் குறைக்கின்றன. வெப்பமானியின் எண்ணுக்கு மருந்து கொடுப்பதை நிறுத்தி, ஆளின் அவதிக்குக் கொடுக்கத் தொடங்கியதும் எங்கள் தேவை பாதியாகிவிட்டது.

மகளுக்கு 18 கிலோ. பிள்ளைகளுக்குப் பரசிற்றமோல் கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒருதடவை, நாளுக்கு நாலு தடவைக்கு மேல் இல்லை. அவளுக்கு ஒரு தடவைக்கு 270 மில்லிகிராம். பாணியில் ஒரு மில்லிலீற்றருக்கு 24 மில்லிகிராம், ஆகவே 11 மில்லிலீற்றர் சொச்சம். நடைமுறையில் இந்தக் கணக்குத் தேவையில்லை, அளவுகுழாயில் கிலோவே கோடாக அடித்திருக்கும். அதில்தான் ஆபத்தும் இருக்கிறது. பரசிற்றமோல் போத்தலின் குழாயால் இபுப்ரோஃபன் பாணியை அளந்தால், கோடு சரியாக இருக்கும், மருந்து பிழையாக இருக்கும், ஏனென்றால் இரண்டு பாணியின் செறிவும் வேறு, கிலோவுக்கான அளவும் வேறு. குழாயைக் கழுவி அதன் போத்தலோடு றப்பர் வளையம் போட்டுக் கட்டி வையுங்கள். அளவை வயதைப் பார்த்து முடிவு செய்யாமல், பிள்ளையை நிறுத்துப் பாருங்கள். சின்னம்மை என்ற சந்தேகம் இருந்தால் இபுப்ரோஃபன் வேண்டாம். வைரஸ் காய்ச்சலில் பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுக்கவே கூடாது, மூளையையும் ஈரலையும் தாக்கும் ரை நோய் அரிதாக வந்தாலும் உயிரைக் கொண்டுபோகும். பரசிற்றமோலையும் இபுப்ரோஃபனையும் மாற்றி மாற்றிக் கொடுக்கும் பழக்கம் பல வீட்டில் உண்டு. மணி குழம்பி இரண்டும் மிஞ்சிப் போவதற்கு அதுதான் நேர்வழி. ஒரு மருந்தோடு நில்லுங்கள், போதவில்லை என்றால் வைத்தியரைக் கேளுங்கள்.

கணவருக்கு இடுப்பு நோவு பழையது, இலாச்சியில் இபுப்ரோஃபன் 400 எப்போதும் இருக்கும். அவருக்கு வேறு வருத்தம் இல்லை, மருந்தும் இல்லை. இவரைப் போன்ற ஆளுக்குத்தான் "ஆதாரம் தெளிவில்லை" என்ற நிலை உண்மையில் பொருந்தும். தெரியாத நேரத்தில் நான் எடுத்த முடிவு: பரசிற்றமோலால் அடங்குகிறதென்றால் அதுவே போதும், அதற்குச் செலவும் குறைவு, இழப்பும் இல்லை. அவருக்கு அது போதுமானதாக இருந்தது. போதாமல் இருந்திருந்தால், பரசிற்றமோல் ஒவ்வாதவராக இருந்திருந்தால், வைத்தியரைக் கேட்டு இபுப்ரோஃபன் எடுப்பதும் சரிதான். சீட்டு இல்லாமல் எடுப்பதென்றால் 200 அல்லது 400 மில்லிகிராம், சாப்பாட்டோடு, 6 மணித்தியால இடைவெளியில், நாளுக்கு 1200க்கு மேல் இல்லை. காய்ச்சலுக்கு மூன்று நாள், நோவுக்கு ஐந்து நாள், அதற்கு மேல் நீடித்தால் குளிசையைத் தொடராமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். குடல்புண், சிறுநீரகம், இதயச் செயலிழப்பு உள்ளவர்களும் ஆறாம் மாதத்திலிருந்து கர்ப்பிணிகளும் அதைத் தொடக் கூடாது, கர்ப்பிணிக்கு ஒரு குளிசைகூட.

பின்னாளில் ஆய்வுகள் வந்தன. 2020 செப்டெம்பரில் டென்மார்க்கின் தேசியப் பதிவேடுகளிலிருந்து ஒன்று: தொற்று உறுதியான 9,236 பேரில் அதற்கு முந்திய 30 நாளுக்குள் இந்த வகை மருந்தைச் சீட்டோடு வாங்கிய 248 பேரை மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். இறப்பு, ஆஸ்பத்திரி அனுமதி, தீவிர சிகிச்சை எதிலும் கூடுதல் காணவில்லை. 2021 மேயில் பிரித்தானியாவில் ஆஸ்பத்திரியில் சேர்ந்த 72,179 பேரைக் கொண்ட ஆய்வும் அதையே சொன்னது, அதில் 4,211 பேர் முன்பே இந்த மருந்தை எடுத்தவர்கள். இவை கவனித்துப் பார்த்த ஆய்வுகள், குலுக்கல்முறையில் ஆட்களைப் பிரித்து மருந்து கொடுத்துப் பார்த்தவை அல்ல. சீட்டில்லாமல் வாங்கிப் போட்டவர்களும் அதில் சரியாக விழமாட்டார்கள். இருந்தாலும் அன்று பயந்த அளவு பெரிய கெடுதல் இருந்திருந்தால் இவ்வளவு பேரில் அது தெரிந்திருக்கும். அதற்காக மார்ச்சில் பரசிற்றமோலை முதலில் எடுங்கள் என்றது பிழை என்று நான் நினைக்கவில்லை. பிழையாகப் போனது, அந்தச் சொல்லை ஏன், யாருக்கு, எந்த அளவு என்பது இல்லாமல் ஊருக்குள் ஓடவிட்டது.

நடைமுறையில் எங்களைக் காப்பாற்றியது ஒரு பள்ளிக் கொப்பி. ஆளுக்கு ஒரு பக்கம். நேரம், மருந்தின் பெயர் (வியாபாரப் பெயரல்ல), மில்லிகிராம், மருந்துக்கு முந்திய காய்ச்சல், குடித்த தண்ணீர், சிறுநீர் போனாரா. இரவில் அரைத்தூக்கத்தில் "இப்ப குடுத்தனானா?" என்று வரும் சந்தேகத்துக்கு அதுதான் பதில். 15க்கு ஒருவழியாகத் தொடர்பு கிடைத்தபோது, என் அரைகுறை பிரெஞ்சில் தடுமாறாமல் அந்தப் பக்கத்தை வாசித்தேன், வைத்தியருக்கு எல்லாம் விளங்கியது. கொத்தமல்லி அவித்துக் குடித்தோம், கஞ்சி குடித்தோம், நீர் வற்றாமல் இருக்க அவை நல்லவை. மருந்தின் இடத்தில் அவற்றை வைக்கவில்லை.

காய்ச்சல் குளிசை வெப்பமானியின் எண்ணைக் குறைக்கும், மூச்சு எப்படி இருக்கிறது என்று காட்டாது. கொரோனாவில் பலருக்கு ஏழாம் நாள் அளவில்தான் மோசமாகும், காய்ச்சல் விட்டுத் திரும்ப வரும். ஆகவே நாளுக்கு இரண்டு தடவை, அவர் சும்மா இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். வளர்ந்தவருக்கு 22ஐத் தாண்டினால், ஒரு வசனத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாவிட்டால், உதடு நீலம் பாரித்தால், நெஞ்சு இறுகினால், ஆள் குழம்பிக் கதைத்தால், அரை நாளாகச் சிறுநீர் போகாவிட்டால், குளிசைக்குப் பெட்டியைத் தேடாமல் தொலைபேசியை எடுங்கள். விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி நல்ல பொருள், 94க்குக் கீழே போனால் காத்திருக்கக் கூடாது. நாங்கள் இணையத்தில் 65 யூரோவுக்கு எடுப்பித்தது எல்லோரும் சுகமான பிறகுதான் வந்தது. சாதாரண காலத்தில் அதன் பாதி விலைக்குக் கிடைக்கும் பொருள், இப்போதே வாங்கி வையுங்கள். அளவு மீறிப் பரசிற்றமோல் போய்விட்டது என்று தெரிந்தால் ஆள் நன்றாக இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். முதல் நாள் ஒன்றுமே தெரியாது, ஈரல் கெட்ட பிறகுதான் தெரியும். மாற்று மருந்து முதல் எட்டு மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் நன்றாகப் பலிக்கும்.

ஊருக்குப் போய்வருபவர்களுக்கு இன்னொன்று. யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ திரும்பி இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் என்றால் டெங்குவாகவும் இருக்கலாம். டெங்கு என்றால் இபுப்ரோஃபனும் அஸ்பிரினும் கூடாது என்பதில் எந்தத் தெளிவின்மையும் இல்லை: இரத்தத் தட்டுகள் ஏற்கெனவே குறையும் நோயில் அவை இரத்தக்கசிவைக் கூட்டும். பரசிற்றமோலும் தண்ணீரும்தான், பிறகு இரத்தப் பரிசோதனை. இதய நோய்க்கு அஸ்பிரின் எடுப்பவர் அன்றே வைத்தியரோடு கதைக்க வேண்டும். பாரிஸ் வைத்தியருக்கு டெங்கு முதலில் நினைவுக்கு வராமல் போகலாம், பயணம் போன திகதியை நீங்களே சொல்லுங்கள்.

வீட்டில் இப்போது வைத்திருப்பது: ஆளுக்கு ஒரு பெட்டி பரசிற்றமோல் 500, மகளின் பாணி அதன் குழாயோடு, வெப்பமானி, ஒட்சிசன் மானி, பிறசர் மானி, எல்லோருடைய மருந்துப் பட்டியலும் பாரமும் எழுதிய ஒரு தாள். தடிமன் கலவை மருந்து ஒன்றும் இல்லை. பாணிப் போத்தலைத் திறந்த திகதியை அதன் மேலேயே எழுதுங்கள், எத்தனை மாதம் வைக்கலாம் என்பது பெட்டிக்குள் இருக்கும் தாளில் உண்டு. காலாவதியானதையும் மிஞ்சியதையும் குப்பையிலோ தொட்டியிலோ போடாமல் மருந்தகத்தில் கொடுங்கள், பிரான்சில் எந்த மருந்தகமும் காசில்லாமல் வாங்கிக்கொள்ளும்.